சேர்வராயன் மலையைத் தலைகீழாக வரையாமல் இருக்க: அணியைப் படமாக்கும்போது அச்சுத் திசையை மாற்றும் வழிகள், ஓர் ஒப்பீடு

ஏற்காட்டுக்குத் தெற்கே சேலம் இருக்கிறது. கோரிமேடு தாண்டி அடிவாரம் போய், 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மலை. இதில் ஊரில் யாருக்கும் குழப்பம் வராது. ஆனால் அதே மலையின் உயரத் தரவை ஓர் அணியாக (நிரை என்னும் கிடை வரிசையும் நிரல் என்னும் செங்குத்து வரிசையுமாக அடுக்கிய எண்கள்) ஏற்றி, பைத்தான் மொழியின் வரைவுத் தொகுப்பான மேட்பிளாட்லிப்பில், அணியைப் படமாக்கும் இம்ஷோ கட்டளையால் வரைந்து, அதன் மேல் சேலத்துக்கு ஒரு புள்ளி வைத்தால், பல பேருக்கு அந்தப் புள்ளி மலைக்கு வடக்கே போய் உட்கார்ந்துவிடுகிறது. உடனே இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் பட்ட ஒரு கட்டளையைப் போடுகிறார்கள். படம் நேராகிறது, அச்சில் எண் தப்பாகிறது. இன்னொன்றைப் போட்டால் எண் நேராகிறது, புள்ளி மறுபடியும் தப்பாகிறது.

ஆரிஜின் (முதல் நிரை மேலா கீழா என்று சொல்வது), எக்ஸ்டென்ட் (படத்தின் ஓர எல்லைகளைக் கொடுப்பது), ஃபிளிப்யூடி (தரவையே திருப்புவது), இன்வர்ட் ஒய்ஆக்சிஸ் (அச்சைத் திருப்புவது), பீகலர்மெஷ் (ஆயங்களையும் கொடுத்து வரைவது) என்று ஐந்து வழிகள் புழக்கத்தில் உள்ளன. திரையில் பார்த்தால் ஐந்தும் ஒரே வேலையைச் செய்வதுபோல் தெரியும். உள்ளே செய்வது வேறு வேறு. என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஊர், சாலை, எல்லை என்று எதையாவது மேலே வைக்கப்போகிறீர்கள் என்றால், ஆரிஜினையும் எக்ஸ்டென்டையும் சேர்த்தே கொடுங்கள், தரவைத் திருப்பாதீர்கள். ஏன் என்று சொல்ல ஓர் உண்மையான கோப்பை எடுத்துக்கொள்வது நல்லது.

அதற்கு முன் குழப்பத்தின் வேர். கரும்பலகையில் அணி எழுதும்போது முதல் நிரையை மேலே எழுதுகிறோம். வரைபடத்தாளில் ஒய் அச்சு கீழிருந்து மேலே ஏறுகிறது. திரைகளும் புகைப்படக் கோப்புகளும் கரும்பலகைப் பக்கம். அட்சரேகை வரைபடத்தாள் பக்கம். அணியைப் படமாக வரையும் கட்டளை இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். இதில் மூன்று விஷயங்கள் தனித்தனியே நிற்கின்றன: கோப்பில் முதல் நிரை எந்தத் திசையைச் சேர்ந்தது, அது படத்தில் எங்கே வரையப்படுகிறது, அச்சில் எண்கள் எந்தப் பக்கம் கூடுகின்றன. ஒரு வழியை எடைபோடும்போது, இந்த மூன்றில் அது எதைத் தொடுகிறது என்று பார்த்தால் போதும்.

மலையின் கோப்பு

2000 பிப்ரவரியில் என்டவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் உயரம் அளந்தது. எஸ்ஆர்டிஎம் என்று சொல்கிறோமே, அந்தத் தரவு. ஒரு பாகை அகலம், ஒரு பாகை உயரம் உள்ள சதுரங்களாக அது கிடைக்கிறது. நம் மலை இருக்கும் சதுரத்தின் பெயர் என்11ஈ078. ஒரு விகலைத் (பாகையில் 3600இல் ஒரு பங்கு) துல்லியத்தில் 3601 நிரை, 3601 நிரல். சேலம், ஏற்காடு, நாமக்கல், கொல்லிமலை, கல்வராயன் மலையின் பெரும்பகுதி எல்லாம் இதற்குள் வரும். மேட்டூர் வராது, அது பக்கத்துச் சதுரம்.

பெயரில் உள்ள 11, 78 இரண்டும் சதுரத்தின் தென்மேற்கு மூலையைக் குறிக்கின்றன. கோப்பின் முதல் எண்ணோ வடமேற்கு மூலையின் உயரம். பெயர் ஒரு மூலையைச் சொல்ல, தரவு இன்னொரு மூலையில் தொடங்குகிறது. பெயரை மட்டும் பார்த்துவிட்டு முதல் நிரை 11 பாகையில் இருப்பதாக நினைத்தால் கதை அங்கேயே திரும்பிவிடும்.

திரும்பினால் கண்ணுக்குத் தெரியாதா? இந்தச் சதுரத்தில் தெரியாது. சேர்வராயன் வடக்குப் பகுதியில், கொல்லிமலை தெற்குப் பகுதியில். சதுரத்தைத் தலைகீழாக்கினால் கொல்லிமலை கொஞ்சம் கிழக்கே தள்ளி ஏறக்குறைய சேர்வராயன் இருந்த உயரத்துக்கு வந்துவிடும், சேர்வராயன் கீழே இறங்கிவிடும். வடக்கே ஒரு மலை, தெற்கே ஒரு மலை, நடுவில் சமவெளி. பார்க்கிறவர் "ஆமாம், சரிதான்" என்று தலையாட்டிவிடுவார்.

எண்ணில் சொன்னால்: ஏற்காடு சுமார் 11.78 பாகை வடக்கு, 78.21 பாகை கிழக்கு. மேலிருந்து எண்ணினால் நிரை 792, நிரல் 756. தலைகீழாக்கிய அணியில் அதே இடத்தைப் படித்தால் கிடைப்பது 11.22 பாகையின் உயரம். அது நாமக்கல்லுக்கு நாலைந்து கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் சமவெளி. 1300 மீட்டருக்கு மேல் வர வேண்டிய இடத்தில் 200 சொச்சம் வரும்.

ஆரிஜின்: அப்பரா, லோயரா

இம்ஷோவின் இயல்பு அப்பர். முதல் நிரை மேலே, ஒய் அச்சில் பூஜ்யம் மேலே, எண்கள் கீழ்நோக்கிக் கூடும். லோயர் என்று கொடுத்தால் முதல் நிரை கீழே, எண்கள் மேல்நோக்கிக் கூடும். தரவு அப்படியே இருக்கிறது, வரைவது மட்டும் மாறுகிறது. இதுதான் இதன் பெரிய பலம்.

நம் எஸ்ஆர்டிஎம் கோப்புக்கு அப்பர்தான் சரி, ஏனென்றால் முதல் நிரை வடக்கு. ஆனால் அச்சில் வெறும் நிரை எண்கள் நிற்கும், அட்சரேகை நிற்காது. அதில் 11.66 என்று சேலத்துக்குப் புள்ளி வைத்தால் அது படத்தின் மேல் ஓரத்தில் பன்னிரண்டாவது நிரையை ஒட்டி விழும். "அச்சு தலைகீழாக இருக்கிறது" என்று நினைத்து லோயருக்கு மாற்றுபவர்கள் இந்த இடத்தில்தான் மாற்றுகிறார்கள். பிரச்சினை திசையில் இல்லை, அளவுகோலே கொடுக்கவில்லை.

ஆக, ஆரிஜின் தனியாகப் போதுமான இடங்கள் எவை? அணியை அணியாகவே காட்டும் இடங்கள். பத்து மழைமானிகளுக்கிடையேயான தொடர்பு அட்டவணை, வகைப்படுத்தல் சோதனை அட்டவணை, காபி இலையின் புகைப்படம். இவற்றுக்கு அப்பரைத் தொடவே வேண்டாம். ஏற்காட்டில் பதிவு செய்த பறவைக் குரலின் அதிர்வெண் படம் என்றால் லோயர், அதிர்வெண் மேலே போகப் போகக் கூடுவதைத்தான் கண் எதிர்பார்க்கும்.

எக்ஸ்டென்ட்

இது நான்கு எண்கள்: இடம், வலம், கீழ், மேல். நம் சதுரத்துக்கு 78, 79, 11, 12. ஆரிஜின் அப்பரோடு இதைக் கொடுத்தால் முதல் நிரை 12 பாகை உள்ள மேல் ஓரத்தில் நிற்கும், ஒய் அச்சு 11இலிருந்து 12க்கு மேல்நோக்கி ஏறும். அப்பர் என்றாலே அச்சு கீழ்நோக்கிக் கூடும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். எக்ஸ்டென்ட் கொடுக்காதபோது மட்டுமே அப்படி. கொடுத்துவிட்டால், ஆரிஜினுக்கு ஒரே வேலைதான்: முதல் நிரை மேலா கீழா. அச்சின் திசையை எக்ஸ்டென்ட் பார்த்துக்கொள்ளும். மேலே நான் பிரித்த மூன்று விஷயங்களில் பின்னிரண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் வழி இது என்பதால்தான் எனக்குப் பிடிக்கிறது.

ஒரு பொறி: மூன்றாவதையும் நான்காவதையும் மாற்றி 12, 11 என்று எழுதிவிட்டால் அச்சின் எண்கள் மட்டும் திரும்பும், படம் அப்படியே நிற்கும். வடக்கு மேலேயே இருக்கும், ஆனால் எண்கள் தரவோடு பொருந்தாது, சேலத்தின் புள்ளி சேலத்தில் விழாமல் 11.34 பாகையின் தரவு மேல் விழும். நேராகத் தெரிந்துகொண்டே பொய் சொல்லும் படம். வாசிப்பவருக்குச் சந்தேகம் வராது, இடக் கணக்கு கெட்டுவிடும்.

இன்னொன்று, அரைப் பிக்சல். எக்ஸ்டென்ட் கேட்பது படத்தின் வெளி ஓரங்கள். எஸ்ஆர்டிஎம் சதுரத்தில் 78, 79 என்பவை ஓரப் பிக்சல்களின் மையங்கள். கறாராகப் போனால் ஒவ்வொரு பக்கமும் அரை விகலை சேர்க்க வேண்டும். தரையில் அது 15 மீட்டர், விட்டுவிடலாம். எல்லாத் தரவிலும் அப்படி விட முடியாது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கால் பாகை மழைக் கட்டத் தரவில் அரைக் கட்டம் என்பது 0.125 பாகை, 13 கிலோமீட்டருக்கு மேல். மலையின் பாதி அடிவாரத்துக்கு நகர்ந்துவிடும்.

அந்த மழைத் தரவு வேறு ஒரு காரணத்துக்காகவும் இங்கே வேண்டும். கிழக்கு மேற்காக 135, தெற்கு வடக்காக 129 கட்டங்கள். முதல் எண் 6.5 பாகை வடக்கு, 66.5 பாகை கிழக்கு, அதாவது தென்மேற்கு. எஸ்ஆர்டிஎம்முக்கு நேர் எதிர். இதற்கு ஆரிஜின் லோயர், எக்ஸ்டென்ட் 66.375, 100.125, 6.375, 38.625. சேலமும் ஏற்காடும் இதில் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்: பூஜ்யத்திலிருந்து எண்ணினால் நிரை 21, நிரல் 47. (ஊரில் வெயிலும் மேலே சாரலும் ஒரே நாளில் பார்ப்பவர்களுக்கு இது கொஞ்சம் வருத்தமாக இருக்கும், என்ன செய்வது.) மறந்துபோய் அப்பர் போட்டு, மேலே மாநில எல்லைகளை வரைந்தால், சேலத்தில் பெய்த மழை கிழக்கு லடாக்கில் பெய்ததாகக் காட்டும். ஆனால் இந்தியாவே குப்புற விழுந்திருப்பதால் அந்தத் தப்பு உடனே கண்ணில் படும். நம் மலைச் சதுரத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இரண்டு தரவையும் ஒரே படத்தில் அடுக்க வேண்டுமென்றால், உயரத்துக்கு அப்பர், மழைக்கு லோயர், இரண்டுக்கும் அதனதன் எக்ஸ்டென்ட். ஒரே அச்சில் இரண்டும் ஒழுங்காக உட்காரும். வேறு எந்த வழியிலும் இது இவ்வளவு சுலபமாக வராது.

ஃபிளிப்யூடி: தரவையே திருப்புவது

அணிகளைக் கையாளும் பைத்தான் தொகுப்பான நம்பையின் ஃபிளிப்யூடி நிரைகளைத் தலைகீழாக அடுக்கித் தரும். நகல் எடுக்காது, அதே நினைவகத்தை எதிர்த்திசையில் பார்க்கும் ஒரு பார்வை மட்டுமே, அதனால் வேகமாக இருக்கும். பரவலாகச் சிபாரிசு செய்யப்படுவதும் இதுதான். ஏற்காட்டின் நிரை 792 என்று வேறொரு இடத்தில் கணக்கிட்டு வைத்திருந்தால் அது 2808 ஆகிவிடும். அந்த மாற்றத்தைக் கணினிக் குறிமுறை முழுக்க நினைவில் வைத்திருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. மாதம் கழித்து அதைத் திறப்பவருக்கு அணி ஒருமுறை திரும்பியதா, இரண்டு முறை திரும்பியதா என்று தெரியாது.

உண்மையான சேதம் சரிவுக் கணக்கில்தான் வரும். எந்தச் சரிவு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று எஸ்டேட்காரர்கள் கேட்பார்கள், காலை வெயிலும் மாலை வெயிலும் காபிச் செடிக்கு ஒன்றில்லையே. அதற்கு வடக்கு தெற்காக உயரம் எப்படி மாறுகிறது என்று கழித்துப் பார்க்கிறோம். அணியைத் திருப்பிவிட்டால் அந்த வித்தியாசத்தின் குறி மாறும். கிழக்கும் மேற்கும் சரியாக இருக்கும், வடக்குச் சரிவு மட்டும் தெற்குச் சரிவாகிவிடும். பாதி சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

மலை நிழல் படத்திலும் இதே வம்பு. மேட்பிளாட்லிப்பின் நிழல் கருவியான லைட்சோர்ஸ், முதல் நிரை படத்தின் மேல்பக்கம் என்று எடுத்துக்கொண்டுதான் நிழலைக் கணக்கிடுகிறது. இயல்பான வெளிச்சம் 315 பாகை, அதாவது வடமேற்கிலிருந்து. அப்படி என்றால் சேலத்தைப் பார்த்த தெற்குச் சரிவு இருட்டாக வர வேண்டும். தெற்கு முதலில் வரும்படி திருப்பிய அணியை இதற்குக் கொடுத்து, விடையை லோயரில் வரைந்தால், மலை இருக்கும் இடம் சரியாக இருக்கும், வெளிச்சம் மட்டும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். தெற்குச் சரிவு பளிச்சென்று இருக்கும். கீழிருந்து வெளிச்சம் வரும் படத்தில் கண் ஏமாந்து மேட்டைப் பள்ளமாகப் பார்க்கும். ஏற்காட்டுச் சாலை ஏறும் முகடுகள் ஓடைகளாகவும், ஓடைகள் முகடுகளாகவும் தோன்றும். அச்சு எண்களை எவ்வளவு சரிபார்த்தாலும் இந்தத் தப்பு பிடிபடாது, ஏனென்றால் அச்சில் தப்பே இல்லை.

தரவைத் திருப்புவதில் எனக்கு ஆட்சேபம் இல்லாத ஓர் இடம் உண்டு: ஆயங்களும் தரவோடு சேர்ந்து திரும்பும்போது. அணியோடு ஆயங்களையும் சேர்த்தே வைக்கும் பைத்தான் தொகுப்பான எக்ஸ்அரேயில் அட்சரேகைப்படி வரிசைப்படுத்தினால் எண்களும் அவற்றின் அட்சரேகையும் ஒன்றாகவே நகரும். ஈஆர்ஏ5 போன்ற உலக வானிலைத் தரவில் அட்சரேகை 90இலிருந்து இறங்குமுகமாக வருகிறது. அதில் 11 முதல் 12 வரை என்று வெட்டினால் வெற்று அணி கிடைக்கும், 12 முதல் 11 வரை என்று கேட்க வேண்டும். இந்தத் தொல்லைக்குப் பயந்து முதலிலேயே வரிசைப்படுத்துவது நியாயமான முடிவு.

இன்வர்ட் ஒய்ஆக்சிஸ்

வரைந்து முடித்த பிறகு அச்சைத் திருப்புவது. படமும் எண்களும் மேலே வைத்த புள்ளிகளும் சேர்ந்தே திரும்பும், அதனால் பொருத்தம் கெடாது. ஒற்றைப் படத்துக்கு, அவசரத்துக்கு, சரி.

ஆனால் இது விசைப்பலகையின் கேப்ஸ் லாக் மாதிரி: இரண்டு முறை தட்டினால் பழைய இடம். நான்கு மாத மழையை நான்கு படங்களாக, ஒய் அச்சைப் பகிர்ந்து வரைகிறீர்கள் என்று வையுங்கள். நான்கையும் வரைந்து முடித்த பிறகு ஒரு சுழற்சிக்குள் ஒவ்வொன்றுக்கும் இன்வர்ட் போட்டால், பகிர்ந்த அச்சு நான்கு முறை திரும்பிப் பழையபடி நிற்கும். ஐந்து படமாக்கினால் திரும்பியிருக்கும். இதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும். அதேபோல, திருப்பிய அச்சில் இன்னொரு இம்ஷோ போட்டால் எல்லைகள் புதிதாக அமைந்து, திருப்பியது காணாமல் போகும். அச்சைத்தான் திருப்ப வேண்டும் என்றால், ஒய்ஆக்சிஸ் மேல் செட் இன்வர்டெட் என்று உண்மை அல்லது பொய் கொடுப்பது மேல். எத்தனை முறை கூப்பிட்டாலும் ஒரே நிலைதான்.

பீகலர்மெஷ்

இதற்கு அட்சரேகை, தீர்க்கரேகை அணிகளையே கொடுத்துவிடுகிறோம். இறங்குமுகமாகக் கொடுத்தாலும் ஏறுமுகமாகக் கொடுத்தாலும் ஒவ்வொரு கட்டமும் அதற்கான இடத்தில் வரையப்படும். திசைக் கேள்வியே எழாது. கட்டங்கள் சமமாக இல்லாத தரவுக்கு இந்த ஐந்தில் இதை விட்டால் வேறு வழியும் இல்லை. மழைத் தரவுக்கு நான் இதையே எடுப்பேன்: 129 பெருக்கல் 135 ஒரு பொருட்டே இல்லை. எக்ஸ்அரேயின் இயல்பான வரைவும் உள்ளே இதைத்தான் கூப்பிடுகிறது.

மலைச் சதுரத்துக்கு எடுக்க மாட்டேன். 3601ஐ 3601ஆல் பெருக்கினால் 1 கோடியே 29 லட்சத்துக்கு மேல் கட்டங்கள். ஒவ்வொன்றையும் தனி நாற்கரமாக வரைய முயன்று மடிக்கணினி மூச்சு வாங்கும். பத்துக்கு ஒன்றாகக் குறைத்து 361 ஆக்கினால் ஓடும். ஆனால் கொண்டை ஊசி வளைவுகள் இருக்கும் சரிவைப் பார்க்கத்தானே ஒரு விகலைத் தரவை இறக்கினோம்? மேலும், இம்ஷோ இரண்டு அச்சுக்கும் ஒரே அளவு வைக்கும், பீகலர்மெஷ் வைக்காது. மலை இழுபட்டுத் தெரிந்தால் விகிதத்தை நீங்களே சமமாக்க வேண்டும்.

வேறு கருவியிலிருந்து வருபவர்களுக்கு

மேட்லாபும் ஆக்டேவும்: இமேஜ்எஸ்சி இயல்பில் ஒய் அச்சைக் கீழ்நோக்கி வைக்கும், ஆக்சிஸ் எக்ஸ்ஒய் போட்டால் மேல்நோக்கி. அங்கே கொடுக்கும் எல்லை எண்கள் ஓரப் பிக்சல்களின் மையங்கள், மேட்பிளாட்லிப்பில் வெளி ஓரங்கள். எஸ்ஆர்டிஎம்முக்கு மேட்லாபில் ஒய்யை 12, 11 என்று கொடுத்து ஆக்சிஸ் எக்ஸ்ஒய் போட்டால் முடிந்தது, அரைப் பிக்சல் கவலைகூட இல்லை.

ஆர் மொழியின் இமேஜ் கட்டளை ஒரு படி மேலே போய், நிரையை எக்ஸ் அச்சிலும் நிரலை ஒய் அச்சிலும் வைக்கிறது. அதாவது அச்சிட்ட அணி இடஞ்சுழியாக 90 பாகை சுழன்று நிற்கும். நிரைகளைத் தலைகீழாக்கி, பிறகு இடமாற்று அணி (நிரையை நிரலாக மாற்றிய அணி) எடுத்துக் கொடுக்க வேண்டும். சீபார்ன், பிளாட்லி இரண்டும் பைத்தானின் வேறு வரைவுத் தொகுப்புகள். சீபார்னின் ஹீட்மேப் முதல் நிரையை மேலே வைக்கும். பிளாட்லியின் ஹீட்மேப் கீழே வைக்கும், அதே பிளாட்லியின் எக்ஸ்பிரஸ் இம்ஷோ மேலே வைக்கும். ஒரே வீட்டுக்குள் இரண்டு வழக்கம்.

எப்படிச் சரிபார்ப்பது

கண்ணை நம்ப வேண்டாம் என்று கொல்லிமலை காட்டிவிட்டது. எளிய சோதனை, அணியின் மிகப் பெரிய எண் எந்த நிரையில் என்று கேட்பது. இந்தச் சதுரத்தில் மிக உயரம் சேர்வராயன்தான், 1600 மீட்டரைத் தாண்டும். நிரை எண் 1000க்குள் வந்தால் கோப்பு வடக்கிலிருந்து தொடங்குகிறது, ஆரிஜின் அப்பர். 2500ஐத் தாண்டினால் யாரோ ஏற்கெனவே திருப்பியிருக்கிறார்கள், லோயர்.

நிரையும் நிரலும் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க இந்தச் சோதனை உதவாது. ஏற்காடு நிரை 792, நிரல் 756 என்று கிட்டத்தட்ட மூலைவிட்டத்தின் மேலேயே இருக்கிறது; இடமாற்று அணியில் அது ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் நகரும். அதற்கு நாமக்கல் நல்லது: நிரை 2808, நிரல் 612. அணி இடம் மாறியிருந்தால் அந்த இடத்தில் படிக்கும் எண் கல்வராயன் மலைப் பக்கத்து உயரமாக இருக்கும். சரியாக இருந்தால் 200ஐ ஒட்டி வரும்.